இரண்டாம் லைனின் கழுத்து

குழம்பில் உப்பு தூக்கல் என்று சொன்னால் கமர் நிஷா குழம்பை ருசி பார்க்க மாட்டாள். சொன்னவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பாள்.

"எத்தினி பேருக்கு உப்பா கீது? உங்க ஒருத்தருக்குத்தான? ஒரு ஆளு சொன்னா அது கொறை. முப்பது ஆளு சொன்னாத்தாங்க டேட்டா."

பொன்னேரி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் உமர் பாரூக், மற்ற இருபத்தொன்பது பேருக்கு எங்கே போவார், பாவம்! இன்னும் கொஞ்சம் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டு, பெண்டாட்டி படிக்கப்போன நேரத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டிக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நிஷா நர்ஸ். ஒரு கட்டில், ஒரு பி.பி. கருவி, ஒரு அலமாரி வலித்தைலம். இதுதான் அவளுடைய ராஜ்ஜியம். போன வருஷம் சுகாதார அதிகாரி நாற்காலியில் அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு, "நிஷா, ஒரு காபி சொல்லேன்" என்றாள். காபி வந்தது. மறுநாளே நிஷா பொதுச் சுகாதார முதுகலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். சின்னப் பெண் கல்யாணமாகிப் போனதும், "பட்டத்தோட வாங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த நாற்காலியில் வேறு யாராவது கூடையை வைத்தால்கூட அவளுக்குப் பொறுக்காது.

முதலில் புள்ளியியல் என்றாலே பேஜாராகத்தான் இருந்தது. பிறகு எப்படியோ பிடித்தது. பிடித்ததா, பிசாசாகப் பிடித்தது! ஷிப்ட் பஸ் எப்போதும் லேட் என்று யாராவது புலம்பினால், "எப்பவும்னு சொல்லாத, சராசரி இன்னா, அத்த சொல்லு" என்பாள். நாத்தனாருக்கு வரன் கொண்டுவந்த தரகர், அந்தக் குடும்பத்தில் வாழப்போன மருமகள்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றாராம். "எத்தோட ஒப்பிட்டு சொல்றீங்க? வேற ஊட்டுல வாழ்ற பொண்ணுங்களையும் கேட்டீங்களா?" என்றாள் நிஷா. தரகர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கழுத்துவலி. இரண்டு லைனாகப் பலகைமேல் குனிந்து ஒயர் கட்டும் பெண்களுக்கு அதற்கு என்ன பஞ்சம்? ஒன்றாம் லைனுக்குக் கழுத்துப் பயிற்சி சொல்லித்தருவது, இரண்டாம் லைனுக்கு எதுவும் தராமல் விட்டுவைப்பது, கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவது. ஆய்வு முடிந்ததும் இரண்டாம் லைனுக்கும் சொல்லித்தருவதாக வாக்கு. "இரண்டு லைனுக்கும் வித்தியாசம் தெரியலன்னா இந்த வருஷம் பட்டம் இல்லம்மா" என்று சென்னைப் பேராசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

வலிக்கு மார்க் போடவைப்பதே பெரும்பாடு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கமுடியாத வலி என்று தொண்டை வறளச் சொன்னாள்.

"வலின்னா வலிதான் சிஸ்டர், அதுக்கு இன்னா மார்க்கு?" என்றாள் ஒன்றாம் லைன் கன்னியம்மா. "ஆடி வரைக்கும் எட்டுன்னு போட்டுக்கோங்க. பெரியபாளையத்தம்மாவுக்கு வேண்டிக்கினு கீறேன், அதுக்கப்பறம் ஜீரோ."

அம்மனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நிஷா எட்டு என்று மட்டும் போட்டுக்கொண்டாள்.

பயிற்சி எளிது. முகவாயைத் தொண்டைப் பக்கம் இழுத்துப் பிடித்து, மெதுவாக விடவேண்டும். அதை இரண்டாம் லைனுக்குக் காட்டிவிடக் கூடாது என்று ஒன்றாம் லைனிடம் சத்தியம் வாங்கினாள். கன்னியம்மா அம்மன்மேல் அடித்தாள். வேதக்காரப் பெண்கள் பைபிள்மேல் அடித்தார்கள். நிஷாவும் தன் பங்குக்கு மேலே பார்த்து ஒரு துஆ கேட்டுக்கொண்டாள்.

ஒன்றாம் லைனுக்கு வலி இறங்கியது. உமர் பாரூக்குக்கு அன்று பிரியாணி கிடைத்தது. அடுத்த வாரம் இரண்டாம் லைனுக்கும் இறங்கியது. தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று நிஷா கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மறுபடி தட்டினாள். அப்படியும் இறங்கித்தான் இருந்தது. வீட்டில் மூன்று நாள் ரசம்தான்.

கடைசி அளவு எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய ஸ்கூட்டர் பஞ்சராகி, பொன்னேரி போகும் ஷிப்ட் பஸ்ஸில் ஏறினாள். கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் பின்பக்கம் இடம் கிடைத்தது. ரயில்வே கேட்டில் பஸ் நின்றதும் கன்னியம்மா முன்னால் எழுந்து நின்றாள்.

"வண்டி ஆடல. ஆரம்பிங்கடி! தாவாக்கட்டய உள்ள இழு... புடி... வுடு."

ஒன்றாம் லைன், இரண்டாம் லைன் என்ற பேதமில்லாமல் பஸ்ஸே முகவாயை இழுத்தது. பிடித்தது. விட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடிப்பாவிங்களா! சத்தியம் பண்ணியேடி கன்னியம்மா!"

"லைன்ல சொல்லித் தரமாட்டேன்னுதான் சிஸ்டர் அம்மன்மேல அடிச்சேன். இது பஸ்ஸாச்சே," என்றாள் கன்னியம்மா. பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்கு பக்கத்து சீட்டுல மெர்சி கழுத்தப் புடிச்சிக்கினு அழுவுது. நான் இன்னா, சும்மா பாத்துக்கினு வரவா?"

நிஷாவுக்கு முன் சீட்டிலிருந்த இரண்டாம் லைன் மெர்சி திரும்பினாள். தடையில்லாமல், முழுக்கழுத்தோடு திரும்பினாள். "வலி போயிடுச்சி சிஸ்டர். அது உங்களுக்கு நல்ல மார்க்குதான?"

நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு வாரம். ரெண்டாம் லைன் யாரும் செய்யக்கூடாது. என் படிப்பே போயிடும்டி. கொஞ்சம் வலி திரும்பி வந்தாலும் பொறுத்துக்கோங்க."

சொல்லிமுடித்தபோது அவளுக்கே நாக்கு கூசியது. ஆனாலும் பெண்கள் தலையாட்டினார்கள். சிஸ்டர்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். மெர்சி கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

பஸ்ஸின் முதல் சீட்டில் மணியம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. இரண்டாம் லைன்காரி. காதில் பாட்டு மாட்டியிருந்ததால் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டுக்கல் குழவியைப்போலக் கழுத்தை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அது தப்பு. அப்படிச் சுற்றினால் பிடிப்பு இன்னும் இறுகும்.

ஒரு கழுத்துதானே, ஒரு கழுத்து டேட்டா ஆகாது என்று நிஷா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நாற்காலியை நினைத்துக்கொண்டாள். காபியை நினைத்துக்கொண்டாள். வெளியே அத்திப்பட்டுப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மணியம்மாள் கழுத்து இன்னொரு சுற்று சுற்றியது.

"யா அல்லா," என்றபடி நிஷா கைப்பையை மெர்சி மடியில் போட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மணியம்மாள் காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு, அவள் முகவாயில் இரண்டு விரலை வைத்து உள்ளே தள்ளினாள்.

"சுத்தாத. இப்பிடி இழு. இன்னும்... ம், புடி."