ஆடிய கைப்பிடி

தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், முதியோர் பகல் மையத்துக்குச் செயலாளரானார் அந்த அம்மாள். மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது என்று பழுதுப் பதிவேட்டில் இரண்டு முறை எழுதியும் நிர்வாகக் குழு தட்டிக்கழித்தது. ஒருநாள் அது பெயர்ந்து, அங்கே வந்துபோகும் தையல் டீச்சர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

மையத்தில் யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் காப்பீடு இருந்தது. விசாரிக்க ஆள் வருவதற்கு முன் குழுத் தலைவர் அம்மாளைத் தனியே அழைத்தார்.

"அந்த நோட்டைக் காட்டிடாதீங்கம்மா. தெரிஞ்சே சும்மா இருந்தோம்னு காப்பீட்டுக் கம்பெனி கையை விரிச்சிடும்."

"அப்போ டீச்சர்தான் கவனமில்லாம விழுந்தாங்கன்னு ஆயிடுமே சார்?"

"ஆனா ஆகட்டும்."

ஆனாலும் விசாரிக்க வந்தவரிடம் அம்மாள் பதிவேட்டை நீட்டிவிட்டார்.

தவறு மையத்தினுடையது என்று உறுதியானதால், டீச்சரின் சிகிச்சைக்கு முழு இழப்பீடும் கிடைத்தது. ஆனால் அந்த அலட்சியத்தைக் காரணம் காட்டி, அடுத்த ஆண்டு காப்பீட்டைப் புதுப்பிக்க நிறுவனம் மறுத்தது. காப்பீடு இல்லாமல் இடம் தரமாட்டேன் என்றார் கட்டட உரிமையாளர். மையத்துக்குப் பூட்டு விழுந்தது.

தினமும் அங்கே செய்தித்தாள் படிக்க வந்த பெரியவர் ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டார்.

"நீங்க செஞ்சது நியாயம்தாம்மா. ஆனா காலையில எழுந்தா எங்க போறதுன்னுதான் தெரியல."

அம்மாளால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.