முப்பத்தெட்டாம் போர்டு

2006இல் பாலாநகரில், சுவாசக் கருவிகளுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில், ஜலஜா பரிசோதனை மேஜையில் இருந்தாள். ஒரு போர்டை ஒதுக்கினால் சீட்டில் காரணம் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் போர்டு தேறிவிடும். திங்கட்கிழமை முப்பத்தெட்டாம் போர்டைப் பார்த்ததும் மனதில் என்னவோ இடித்தது. லென்ஸில் ஒன்றும் அகப்படவில்லை. சூப்பர்வைசர் நாராயணசாமி சிரித்தார்.

"சீட்டுல என்னன்னு எழுதறது, ஜலஜாவுக்கு மனசு சரியில்லைன்னா? நக்கோம்மா, அதெல்லாம் வேணாம், பாஸ் பண்ணு."

பாஸ் செய்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரோகிணி, தன் பல்கலைக்கழக ஆய்வுக்கு ஆள் வேண்டுமென்று அவளை அழைத்துப் போனாள். திரையில் ஒரு முகம் மின்னும். கண் பிடிப்பதற்குள் வேறொரு படம் அதை மூடிவிடும். கோபமா, சாந்தமா என்று பொத்தானை அமுக்க வேண்டும்.

"முகமே தெரியலையேடி. குத்துமதிப்பாத்தான் அமுக்கறேன்."

"அப்படியே அமுக்குங்கக்கா."

இருநூறு தடவை அமுக்கினாள்.

"நூத்தி அறுபத்திரண்டு சரிக்கா! குருட்டாம்போக்குன்னா நூறு பக்கம்தான் வரும். உங்களுக்குத் தெரியாமலே உங்க கண்ணு பார்த்திருக்கு."

ஜலஜா, ரோகிணி வைத்த டீயைத் தொடாமல் எழுந்து, வாசலிலிருந்தே நாராயணசாமிக்குப் போன் செய்தாள்.

"முப்பத்தெட்டு போயிடுச்சா சார்?"

"பெட்டியில இருக்கு, சாயங்காலம் லாரி. ஏன்?"

"அனுப்பாதீங்க. நான் வரேன்."

"காரணம் சொல்லும்மா. சும்மா நிறுத்தினா உன் வேலைதான் போகும்."

"காரணம் தெரியாது சார். அதையே சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

நிற்காமல் போன ஆட்டோக்களைத் திட்டிக்கொண்டே, பாலாநகர்ப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினாள்.