சம்பந்தியும் காரா பன்னும்

தசரா சமயம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் என் சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தால் — கோர்ட் நடக்கிறது. கூண்டில் நிற்பவர் சம்பந்தி. திருட்டுத்தனமாக ஸ்வீட் தின்கிறார் என்று கேஸ். கேஸ் போட்டது அவர் சம்சாரம்.

பின்னே? அவர் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள், சுகர் இறங்கவில்லை என்று தள்ளிப் போடுவார்கள். இதே கதை. எங்கள் பேத்திக்குப் புதுநன்மை, அதாவது சர்ச்சில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள், நெருங்குகிறது. வெள்ளை கவுனில் அவள் பீடத்துக்கு நடந்து போவதை இந்த மனுஷன் பார்க்க வேண்டாமா?

"சர்க்கரை டப்பாவை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன் அண்ணா. காபியில மாத்திரைதான் போட்டுத் தரேன். அப்புறம் எப்படி ஏறுது? நீங்களே கேளுங்க," என்றார் சம்பந்தியம்மா.

மாத்திரை என்றால் இனிப்பு மாத்திரை. மிளகு சைஸ்தான், கப் காபியே பாயசமாகிவிடும். சர்க்கரை இல்லையே என்ற தைரியத்தில் மணிக்கொரு காபி குடித்தார் சம்பந்தி.

"மாதா சத்தியமா ஸ்வீட் தொடல சம்பந்தி," என்றார் சன்னமாக. "ஆனா பசி கொல்லுது. காபி உள்ள போனாலே வயிறு 'இன்னும் எங்கே'ங்குது. வெளிய சொன்னா தின்னிப்பண்டாரம்ங்கறாங்க."

நான் மூணாம் கிளாஸ் தாண்டாதவன். ஒரே ஒரு டெம்போவில் ஆரம்பித்து அத்திபெலேயில் சொந்த கோடவுன் கட்டியவன். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். (எழுபதை நெருங்குகிறேன்... ஐம்பது என்றால் யாரும் மறுத்ததில்லை. அதை விடுங்கள்.) அது பொய் சொல்கிற முகம் இல்லை.

மறுநாள் சம்பந்தியை டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போனேன். வழியில் பேக்கரியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

டாக்டரம்மா கேட்டார், இடையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. ஒன்றுமில்லை என்றார் சம்பந்தி.

"பேக்கரியில?" என்றேன்.

"அது காரா பன் சம்பந்தி. காரம்தானே?"

அப்பாவியாகத்தான் சொன்னார். பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சுட்ட பன். நம்மூர் பேக்கரியில் ஒரு பக்கம் ஸ்வீட், ஒரு பக்கம் காரா. காரா பக்கம் நின்றால் சுகர் எட்டிப் பார்க்காது என்று எத்தனை பேர் நம்புகிறோம்! நாக்குக்கு அது காரம். ரத்தத்துக்கு? மைதா. உள்ளே போனால் சர்க்கரையேதான்.

சரி, அந்தப் பசி எங்கிருந்து வந்தது? டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நிஜச் சர்க்கரை உள்ளே போனால் குடலிலிருந்து சில ஹார்மோன்கள் கிளம்பி, 'சாப்பாடு வந்தாச்சு, போதும்' என்று மூளைக்குச் சேதி சொல்லுமாம். மாத்திரை நாக்கை மட்டும் ஏமாற்றும். அந்தச் சேதி சரியாகப் போகாதாம். எல்லோருக்கும் இப்படி இல்லை, சிலருக்குத்தான் பசி கிளம்பும், ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார்.

எனக்கா புரியாது? கோடவுனில் தினமும் பார்ப்பதுதானே! லோடு வருகிறது என்று போன் வரும். ஆட்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். லாரி வராது. தயாராக நிற்கிறவன் சும்மா இருப்பானா? கைக்கு எட்டியதை இழுப்பான். சம்பந்தி வயிறு காரா பன்னை இழுத்தது.

காபியைக் குறைத்து, மாத்திரையை மெதுவாக விட்டு, பன் நேரத்துக்குச் சுண்டல் என்று ஏற்பாடானது. சம்பந்தியம்மா அன்று ராத்திரியே கடலை ஊறப்போட்டார். தின்னிப்பண்டாரம் என்ற வார்த்தை அந்த வீட்டில் அதற்கப்புறம் கேட்கவில்லை.

சுகர்காரர் வீட்டில் எல்லோரும் அவர் வாயையே காவல் காக்கிறோம். பசிக்கிறதா என்று யார் கேட்கிறோம்?

சுகர் இறங்கியது. போன வாரம் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். முதலில் பேத்தியைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அப்படியே உங்கம்மா ஜாடை," என்றார். சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சம்பந்தி... உடம்பு சரியில்லையா? இவ்வளவு வயசாயிடுச்சே உங்களுக்கு."

இடது கண் ஆபரேஷன் இன்னும் பாக்கி. அதற்கு வேறு யாராவது கூட்டிப் போகட்டும்!