முகத்துவாரத்தில் அறுந்துபோகாத வார்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன ஐப்பசியில் என் வீட்டுக்காரரைக் கடல் கவிழ்த்துப் போட்டது. அவர் உயிரோடு திரும்பி வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். அன்றைக்கு என் மனசு இருந்த நிலையை மறைத்துவிட்டால் அது சாட்சியாகாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். என் கணவர் சேவியர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில். ஆர்டர் இல்லையென்று தொழிற்சாலையை மூடினார்கள். "வேற வேல கெடைக்கிற வரைக்கும் அண்ணன் படகுல போய்ட்டு வர்றேன்" என்று அவர் கிளம்பிப்போய்விட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. கடலை நினைத்து அல்ல, ஸ்டெல்லாவை நினைத்து.

ஸ்டெல்லா அவருடைய அண்ணன் மைக்கேலின் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் அத்தை மகள். முதலில் சேவியருக்குத்தான் அவளைப் பேசி வைத்திருந்தார்களாம். இவர் ஆம்பூருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டதால் அவள் அண்ணனுக்கு மனைவியானாள். இத்தனை வருடம் கழித்தும் இவருக்கு "அண்ணி" என்று வாயில் வராது. "ஸ்டெல்லா" என்றுதான் வரும். போனில் "இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டால், "ஸ்டெல்லா வச்ச எறா கொழம்பு" என்பார். என் கையால் சாப்பிட்ட குழம்பின் பேரை ஒருநாளாவது யாரிடமாவது சொல்லியிருப்பாரா? முழங்காலில் நின்று "ஆண்டவரே, அவரைப் பாதுகாரும்" என்று ஆரம்பிப்பேன். எதிலிருந்து, யாரிடமிருந்து என்று எனக்கே தெரியாது.

தாங்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு ரயில் ஏறினேன். அரக்கோணம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது.

அந்தக் குப்பத்துக்குப் பக்கத்தில் ஏரித் தண்ணீர் கடலில் சேருகிற முகத்துவாரம் இருக்கிறது. மணல் மேடிட்டு, அலை அங்கேதான் உடையும். படகு போகும்போதும் அதைத் தாண்ட வேண்டும், வரும்போதும் தாண்ட வேண்டும். நடுக்கடலில் தப்பித்தவர்கள்கூட அங்கே வந்து செத்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா ஆண்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "லைஃப் ஜாக்கெட்டு போடாம படகுல கால வச்சீங்கன்னா வீட்ல சோறு கெடையாது!" என் கணவர் சரியென்று தலையாட்டினார். ஆம்பூரில் ஹெல்மெட் போடச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. அவள் பேச்சுக்குத் தலையாட்டுகிறார்!

உப்புத் தண்ணீரில் நூல் மட்கி, இரண்டு லைஃப் ஜாக்கெட்டிலும் வார் பிய்ந்து தொங்கியது. ஸ்டெல்லா என்னிடம் நீட்டினாள். "நீ தோலே தைக்கிறவளாச்சே சுகந்தி. இத்த கொஞ்சம் பாரேன்."

அவள் முன்னால் என் கைவேலையைக் காட்ட வேண்டுமென்று வீம்பு வந்தது. தடித்த ஊசியில் வலை நூலைக் கோர்த்தேன். என் கணவருடைய வாரைச் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டு இறுக்கினேன். விரல் வீங்கிவிட்டது. அடுத்ததை அப்படியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நல்ல ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தால், ஸ்டெல்லா அழக்கூடாதென்று இவர் அதைக் கழற்றி அண்ணனுக்குப் போட்டுவிடுவார்! அந்த ஆத்திரத்தில் இரண்டாவதையும் அதே அழுத்தமாகத் தைத்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன் இருவரும் போனார்கள். வெயில் ஏறும்போது காற்று திடீரென்று மாறியது. ஊரே கரையில் நின்றது. ஒவ்வொரு படகாக உள்ளே வந்தது. எங்கள் படகு முகத்துவாரத்துக்கு வந்ததும் என்ஜின் நின்றுவிட்டது. படகு குறுக்கே திரும்பியது. ஒரே அலை. பிறகு படகின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

ஸ்டெல்லா மணலில் விழுந்து கதறினாள். "ஆண்டவரே, சேவியரக் காப்பாத்து! சேவியரக் காப்பாத்து!"

சகோதர சகோதரிகளே, அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் பேரை இவள் எப்படிச் சொல்லலாம்? எனக்கு ஜெபமே வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி பாத்துனு நிக்கிற? எனக்கு என் ஆளு பேரச் சொன்னா அழுகதான் வருது, வார்த்த வரல. உன் புருஷனுக்கு நான் கேக்கறேன். என் புருஷனுக்கு நீ கேளுடி!"

நானும் மணலில் முழங்காலிட்டேன். "இயேசப்பா, மைக்கேல் மாமாவக் காப்பாத்துங்க" என்றேன். அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் என் புருஷனுக்கும் நான் அவள் புருஷனுக்குமாக அழுதோம்.

நுரைக்கு நடுவில் இரண்டு ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் தெரிந்தன. வேறொரு படகுக்காரர் அலை தணியும் வரை காத்திருந்து, கயிறு வீசி இருவரையும் இழுத்தார். மைக்கேல் மாமாவுக்குத் தலையில் அடிபட்டு நினைவே இல்லை. ஜாக்கெட்தான் அவர் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது. என் கணவர் அந்த ஜாக்கெட்டின் வாரைப் பிடித்த பிடியைக் கரைக்கு வந்தும் விடவில்லை. நாங்கள்தான் விரல்களைப் பிரித்தோம்.

"அந்த பெல்ட்டு பிஞ்சிருந்தா அண்ணன் முழுகியிருப்பாரு. அவர வுட்டுட்டு நான் மட்டும் வந்திருக்க மாட்டேன் சுகந்தி" என்றார். வயிற்றெரிச்சலில் தைத்த தையலைக் கொண்டு கர்த்தர் என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

மாமா தேறிவிட்டார். இவருக்கும் இப்போது வாணியம்பாடியில் வேலை கிடைத்துவிட்டது. பொறாமை போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லை. அது தலைதூக்கும்போதெல்லாம் ஸ்டெல்லாவுக்குப் போன் போடுகிறேன். ஒருத்தி வீட்டுக்காக இன்னொருத்தி ஜெபிக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது தண்ணீரில் தொழில் செய்தால், இன்றைக்கே அந்த வாரை இழுத்துப் பாருங்கள். ஜெபிக்க மனசு சுத்தமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற மனசோடு கர்த்தர் முன்னால் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை.