மிளகு உருண்ட கண்ணாடித் தரை: மட்டாஞ்சேரி, 1983

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் அரண்மனை ஓவியம் பார்ப்பார்கள், யூதர் கோயிலின் நீல ஓடுகளைப் பார்ப்பார்கள், ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நான் 1983 பிப்ரவரியில் அங்கே போனது ஒரு மிளகுக் கிடங்கின் தரையைப் பார்க்க. அது நான் வரைந்து கொடுத்த தரை. போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதில் மூட்டையோடு வழுக்கி ஒருவர் விழுந்துவிட்டார், சுமைக்காரர்கள் உள்ளே கால் வைக்க மறுக்கிறார்கள் என்று கோயம்புத்தூருக்குத் தந்தி வந்தது.

கடைக்கு என்ன தரை போடலாம், இப்போது எது புதுசு என்று இந்தப் பக்கத்தில் வாரம் ஒருவராவது கேட்கிறீர்கள். புதுசைப் பற்றி எனக்கு இருக்கும் கோபம் எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தால் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கட்டடக் கலையில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மொசைக் ஒப்பந்தக்காரரிடம் வேலை. மொசைக்குக்கு அது பொற்காலம். வங்கியா, மொசைக். துணிக்கடையா, மொசைக். சினிமா தியேட்டரில் இடைவேளைக்கு வெளியே வந்தால் காலடியில் மொசைக். வெள்ளை சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் போட்டு, இறுகியதும் இயந்திரத்தால் தேய்த்து, கடைசியில் மெழுகு பூசுவோம். குனிந்தால் முகம் தெரிய வேண்டும், அதுதான் நாகரிகம். சிவப்பு சிமெண்ட் தரை கேட்டு வருகிறவரை நாங்கள் பட்டிக்காட்டான் என்று எங்களுக்குள் கேலி செய்வோம். நானும்தான் செய்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி விசுவநாதன் கடிதத்தில் அளவு அனுப்பியிருந்தார். எதிர்க்கடைக்காரன் போட்டதைவிடத் தன் தரை ஒரு படி மேலே மின்ன வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நான் இடத்தைப் பார்க்காமல், மேசையில் உட்கார்ந்து, முன்பக்க அலுவலகத்துக்கும் பின்பக்கக் கிடங்குக்கும் ஒரே மாதிரி வரைந்தேன். நான்கு முறை தேய்ப்பு, இரண்டு முறை மெழுகு. எங்கள் ஆட்கள் போய் அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். தந்தி வந்ததும் முதலாளி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். தரையில் குறை இல்லை, விழுந்தது சுமைக்காரரின் கவனக்குறைவு என்று தட்டச்சு செய்திருந்தது. நான் ஒரு கையெழுத்து, விசுவநாதன் ஒரு கையெழுத்து. வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

காலை ஐந்தரைக்குப் பேருந்து. கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளம் சுமார் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் இருபத்தோரு ரூபாய் கொடுத்ததாக நினைவு. (அன்றைய விலை. அதை நம்பிப் பையை மூட்டை கட்டாதீர்கள்.) பாலக்காட்டில் இட்லி, திருச்சூரில் சாயா. ஆலுவாவில் பெரியாற்றைத் தாண்டும்போது வண்டிக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. களமசேரியில் ஆலைப் புகை அதைத் துடைத்துவிட்டது. பதினொன்றே முக்காலுக்கு எர்ணாகுளம். படகுத்துறைக்கு நடந்து, பன்னிரண்டு இருபது படகைப் பிடித்தேன். அறுபது காசு. அரை மணி நேரத்தில் மட்டாஞ்சேரி. இறங்கும் முன்பே மூக்கில் சுக்கும் மிளகும் ஏறின. துறையிலிருந்து பஜார் சாலைக் கிடங்குக்குப் பத்து நிமிட நடை. இருபுறமும் கைவண்டிகள், நடுவில் லாரி. பாதை கேட்டால் ஒதுங்காது, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

கிடங்கு வாசலில் ஒருவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். இடது முட்டியில் கட்டு. பெயர் முருகேசன், முப்பது வயதிருக்கும். அப்பா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவர் பிறந்தது மட்டாஞ்சேரியிலேயே. என் கையிலிருந்த வரைபடச் சுருளைப் பார்த்ததும் அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"நீங்களா சேச்சி எஞ்சினியர்? இதப் போடும் முன்ன ஒரு தடவ இங்க வந்து கண்டீங்களா?"

இல்லை என்றேன். (சேச்சி என்றால் அக்கா; வயது குறைந்தவளையும் அங்கே மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

"அதான். நான் குடிச்சிட்டு விழுந்தேன்னு எழுதப் போறாங்களாம். காலத்த எட்டு மணிக்கு யாரு சேச்சி குடிப்பா? ஒரு கிளாஸ் கட்டன்சாயா குடிச்சேன். அது சத்தியம்."

கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் சுமைக் கூட்டத்தில் அவருடைய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. காத்திருக்கிற ஆட்கள் அந்தத் தெருவில் ஏராளம். என் பைக்குள் இருந்த தாளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

உள்ளே போனேன். தரை அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். கூரைச் சட்டங்கள் தலைகீழாகத் தெரிந்தன. ஆனால் நடைவழி முழுக்க மிளகு சிதறிக் கிடந்தது. அங்கே வாங்க வருகிற ஒவ்வொருவரும் மூட்டையில் கூரான இரும்புக் குழலைக் குத்தி, உள்ளங்கையில் மாதிரி எடுத்துப் பார்க்கிறார். குத்திய ஓட்டை வழியே கொஞ்சம் கீழே கொட்டும். பத்துப் பேர் வந்து போனால் தரையெல்லாம் மிளகு.

"உடனே கூட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். ஓரத்தில் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

முருகேசன் வாசலிலிருந்தே சொன்னார்: "வேண்டாம் சேச்சி, அது மட்டும் பறயாதீங்க. கீழ விழுந்த மொளகு அவங்களுக்குள்ளது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்களே கூட்டி, பங்கு வச்சு எடுப்பாங்க. நடுவுல வேற யாரும் தொடப்பத்தத் தொடக் கூடாது. என் அம்மா இருந்த காலத்துலயும் இதுதான் முறை."

ஆக, அந்தக் கிடங்கில் காலை முதல் மாலை வரை தரையில் மிளகு கிடக்கும். பழைய சொரசொரப்பான சிமெண்டில் அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. என் கண்ணாடியில் அது சைக்கிள் பேரிங் குண்டு மாதிரி உருண்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்துக் கிலோ சாக்கு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆறாவது அடியில் கால் முன்னே போனது, நான் பின்னே போனேன். இடுப்பு இரண்டு வாரம் வலித்தது. புடைக்கிற பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

விசுவநாதன் ஓடி வந்தார். பாலக்காட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அங்கே மிளகு விற்கிற குடும்பம்; கெட்ட மனிதர் இல்லை. "பொம்பளப் பிள்ள நீ எதுக்கு இதெல்லாம் தூக்கற? பேப்பரக் கொண்டா, ஒப்புப் போட்டுத் தரேன். போட்டுக் கழிஞ்சா ஆளுகள் தானா வேலைக்குக் கேறும்."

அவருடைய மேசையிலிருந்து கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டேன். இணைப்புக் கிடைக்க ஒரு மணி பத்து நிமிடம். அதுவரை முருகேசனும் நானும் சாயா குடித்தோம். இணைப்பு வந்ததும் என் முதலாளியிடம் தரைதான் தவறு என்றேன்.

"இங்க பாரு அம்மிணி, ஊர் வம்பு நமக்கெதுக்கு? கையெழுத்தப் போட்டுட்டு வண்டி ஏறு."

"போட மாட்டேனுங்க."

"அப்ப திங்கக்கிழம வேலைக்கு வர வேண்டாம்."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் மனசுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, அதுவும் உண்மை.

தட்டச்சுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினேன். எழுதியதை முருகேசனிடம் நீட்டினேன். அவர் வாங்கி, பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும் சேச்சி. தமிழ் பேச்சு மட்டும்தான். நீங்களே வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

தவறை எழுதுவது ஒன்று, அதைக் கிடங்கு நடுவில் நின்று உரக்க வாசிப்பது வேறு. சுமைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வாசித்தேன். "இந்தக் கிடங்குக்கு இவ்வளவு மெருகு கூடாது. மிளகு சிதறும் இடம் என்று தெரிந்துகொள்ளாமல் வரைந்தது நான். சுமை தூக்கியவர் முருகேசன் மேல் எந்தக் குற்றமும் இல்லை." கீழே முழுப் பெயரோடு கையெழுத்து. ஒருவர் அதை மலையாளத்தில் திருப்பிச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. முருகேசன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விசுவநாதனுக்கு முகம் சிவந்தது. "இது என் தறையாக்கும். ஊருக்கே காட்டறதுக்குப் போட்ட தறை. நீ இப்படி எழுதிக் கொடுத்தா நான் எங்க போறது?"

"முதலாளி, செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடங்க. சும்மா, வெறுங்கையோட. நடந்துட்டீங்கன்னா தாளைக் கிழிச்சிடறேன்."

அவர் தரையைப் பார்த்தார். மிளகைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவே இல்லை. கடைசியில், "முன்னாடி ஆபீஸ் தறையில கை வைக்கக் கூடாது, கேட்டியா? பின்னாடி என்னவேணா செஞ்சுக்கோ" என்றார்.

அன்று படகுத்துறைக்கு அருகில் ஒரு லாட்ஜில் தங்கினேன். பதினெட்டு ரூபாய், கொசு இலவசம். மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் ஆட்கள் விட்டுப் போயிருந்த முதல் தேய்ப்புக் கற்களைத் தேடி எடுத்தேன். இருப்பதிலேயே முரட்டுக் கற்கள். நடைவழி நான்கடி அகலம், முப்பதடி நீளம். தண்ணீர் ஊற்றி, முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் சுமைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். நான்கு முறை தேய்த்து ஏற்றிய மெருகை இறக்க ஏழு மணி நேரம் ஆனது. நான் அதுவரை செய்த வேலைகளில் நாகரிகத்துக்கு எதிராகச் செய்த முதல் வேலை அது, மிகவும் பிடித்துச் செய்த வேலையும் அதுதான்.

மூன்றரைக்குத் தரை காய்ந்தது. பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து, ஒரு பிடி மிளகை அதன்மேல் இறைத்தாள். மிளகு அங்கங்கே நின்றது, உருளவில்லை. சுமைக்காரர் ஒருவர் அறுபது கிலோ மூட்டையோடு வெறுங்காலில் போய், இறக்கிவிட்டு, திரும்பி வந்தார். உடனே அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். சுமைக் கூட்டத்து மேஸ்திரி முருகேசனைப் பார்த்து, கட்டுப் பிரித்ததும் வந்து சேரும்படி சொன்னார். எனக்கு வேண்டியிருந்த செய்தி அதுதான். நான்கரைப் படகில் ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் பொறுக்கலாம். எர்ணாகுளத்திலிருந்து படகில் போங்கள். நேரம் இப்போது மாறியிருக்கும், துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடங்குக்குள் நுழையும் முன் அனுமதி கேளுங்கள், வேலை நடக்கும்போது படம் எடுக்க நிற்காதீர்கள், கீழே கிடக்கிற மிளகைப் பொறுக்காதீர்கள். அது உங்களுடையது இல்லை.

கடைக்குத் தரை போடப் போகிறவர்களுக்கு: மாதிரிப் பலகையில் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த இடத்தில் எது சிந்தும் என்று கேளுங்கள். எண்ணெயா, தண்ணீரா, மாவா, நூலா? யார் வெறுங்காலில் நடப்பார்கள், கையில் எதை ஏந்தி? அதைச் செருப்பு போட்டவரிடம் கேட்காதீர்கள். இன்று ஆளுயரப் பளபள ஓடுகளைக் காட்டி, "மேடம், இதுதான் இப்ப டிரெண்ட்" என்று சிரிக்கிற விற்பனையாளர்களிடம் நான் ஒரு வாளி தண்ணீர் கேட்பேன். ஊற்றிவிட்டு நடந்து காட்டச் சொல்வேன். என்னைக் கண்டால் கடையை ஒருக்களித்துச் சாத்துகிறார்கள் என்று கேள்வி. சாத்தட்டும்.

வேலையை விட்டதற்கு வருத்தமில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. பதினோரு நாளில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. முட்டி அப்படி வேறு கிடைக்காது; மனிதனுக்கு இரண்டுதான்.