இடப்பக்கத்து கிட்டார்

காலை 'ஏ' ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டால் என்னை யார் எழுப்பினாலும் எரிச்சல் வரும். அந்த மே மாதப் பிற்பகலில் என் மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள். "வாசல்ல உங்க காலேஜ் சிநேகிதர்னு ஒருத்தர் நிக்காரு. எந்திரிங்க."

லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முன்வழுக்கையும் தடித்த கண்ணாடியுமாக நின்ற ஆளை அடையாளம் தெரியவில்லை. அவன் கதவில் இரண்டு விரல்களால் தாளம் தட்டிக் காட்டினான். அந்தத் தட்டலில் தெரிந்துகொண்டேன். அறுபதுகளின் கடைசியில் சென்னையில் பொறியியல் படித்தபோது எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். இப்போது மேற்கு ஜெர்மனியில் அச்சு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. அப்பாவின் திவசத்துக்காக சிதம்பரம் போகிறவன் வழியில் நெய்வேலியில் இறங்கியிருந்தான்.

நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் எங்கள் வயதுப் பையன்கள் வாசித்த முரட்டுப் பாட்டுகளை இலங்கை வானொலியில் கேட்போம். ஒருவனுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளும் இருந்தன. சைக்கடெலிக், அதாவது போதை மயக்கத்து இசை என்று அதைச் சொல்வார்கள். எங்களுக்குப் போதையும் தெரியாது, மருந்தும் தெரியாது. பாட்டு மட்டும் பிடித்திருந்தது. அதில் கிட்டார் கிட்டார் மாதிரி ஒலிக்காது. தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல ஒரு கரகரப்பு இருக்கும். அதற்கென்று ஒரு கருவி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோமே ஒழிய, கண்ணால் பார்த்ததில்லை. நான் ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறி, அதில் கிட்டாரை இணைத்து அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தேன். அந்தப் பாட்டுகளில் வரும் ஆர்கன் வாத்தியத்துக்குப் பதில் விடுதியில் பஜனைக்கு வைத்திருந்த ஆர்மோனியம். சைக்கிள் ஷெட்டில் ஒத்திகை. வார்டன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "எதையாவது ரிப்பேர் பண்றீங்களாப்பா?" என்று நிஜமாகவே கேட்டார்.

படிப்பு முடிந்ததும் எனக்கு இங்கே சுரங்கத்தில் வேலை கிடைத்தது. கன்வேயர் பெல்ட் பிரிவில் மின் பராமரிப்பு. காலை, மாலை, இரவு என்று ஷிப்ட் மாறி மாறி வரும். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். திருமணமான பிறகு கிட்டாரை அக்கா வீட்டுப் பரணில் போட்டேன். திரும்ப எடுக்கவேயில்லை.

அன்று நண்பன் தோசை சாப்பிட்டான், வெயிலைப் பற்றிப் பேசினான், தன் மனைவி பிரிந்துபோனதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தான். பிறகு பையிலிருந்து கையடக்கமான ஒரு கேசட் பிளேயரையும் ஹெட்போனையும் எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அங்க இருக்கிற பசங்க இப்ப இதையெல்லாம் தேடித் தேடிச் சேக்கறாங்கடா. நாம வாசிச்ச அதே பாட்டு. கராஜ் ராக்குன்னு பேர் வச்சிருக்காங்க. கார் ஷெட்டுல வாசிச்சதாம்."

"நமக்குச் சைக்கிள் ஷெட்தானே."

அவன் சிரித்தான். பிளேயரை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சாயங்கால பஸ்ஸில் போனான்.

அடுத்த சில வாரங்கள் ஷிப்ட் பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டு போனேன். என்ன சொல்வது, ஏமாற்றமாக இருந்தது. ஒருவன் கத்துகிறான், பின்னால் ஆர்கன் இழைகிறது, அவ்வளவுதான். இடையில் வெறும் ஆர்கன் மட்டும் எதற்கோ காத்திருப்பதுபோல ஓடும். பிறகு மறுபடி கத்தல். என்னைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கரகரப்பு எங்கேயும் இல்லை. கேசட்டில் பதியும்போது போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு, அப்படி ஒன்று இருக்கவேயில்லை, இருபது வயதில் நாமாகக் கற்பனை செய்துகொண்டோம் என்று நினைத்தேன். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வாழ்க்கையில் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது என்று நம்பிய ஒன்றும் சாதாரணமானதுதான் போலிருக்கிறது. ஆனாலும் அதற்காக வருத்தப்படும் தெம்பும் அப்போது இல்லை. பஸ் குலுக்கலில் தூங்கிப்போவேன்.

எங்கள் பிரிவில் கான்ட்ராக்டில் வேலை பார்த்த ஒருவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என் வயதுதான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "தினமும் மாட்டிக்கினு வர்றீங்களே, அதுல இன்னாங்க கேக்குது?" என்றார். ஹெட்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டவர் முகத்தைச் சுளித்துக் கழற்றினார்.

"இன்னாங்க இது, பெல்ட்டு ரோலரு மாட்டிக்கினு இழுக்கிற மாரி இருக்குது. வேலையிலதான் இதைக் கேக்குறோம், பஸ்ஸுலயுமா?"

கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வந்த வார விடுமுறையில், மதியச் சாப்பாடு முடிந்து மனைவி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தூத்துக்குடிப் பக்கம். கடலோர ஊரில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாகக் கேட்கும். ஆங்கிலப் பாட்டும் அவள் காதுக்குப் பழக்கம்தான். நான் ஹெட்போனை அலுப்போடு கழற்றினேன். "இதுல கிட்டாரே பதியல" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மாட்டிப் பார்த்தாள்.

"காது பிய்யுது. இதையா இல்லன்னு சொல்லுதீங்க?"

"எது?"

"கிட்டார்தான். ரம்பம் போடுத மாதிரி. இந்தப் பக்கம் முழுக்க அதான வருது." இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

நான் வாங்கி மாட்டினேன். கத்தலும் ஆர்கனும் மட்டும். "வரலையே" என்றேன். அவள் எழுந்து வந்து என் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டாள்.

கிட்டார் வந்தது. இத்தனை வருடம் கழித்து, ஒரு தகரக் கூரையையே யாரோ கிழிப்பது மாதிரி வந்தது. பாடுகிறவனையும் காணோம், ஆர்கனையும் காணோம். பிளேயரை நிறுத்தினேன். அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவுகள் அப்படித்தான். வாத்தியத்தை ஒரு பக்கம், குரலை மறு பக்கம் என்று பிரித்து வைத்துவிடுவார்கள். இரண்டு காதும் கேட்கிறவர்களுக்கு அது நடுவில் வந்து சேர்ந்துகொள்ளும்.

மனைவி என் இடப்பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள் என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலது காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டேன்: "என்ன சொன்ன?"

"கல்யாணமான நாள்ல இருந்து இந்தப் பக்கமாத்தான் படுத்துப் பேசிட்டு வாரேன். சுவத்துகிட்ட பேசியிருக்கேன்னு சொன்னேன்."

சொன்னால் காதில் வாங்குவதில்லை என்பதுதான் எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி. நான் களைத்து வருகிறேன் என்பதே என்னுடைய பதில். இருவருமே அதை நம்பிக்கொண்டிருந்தோம். "அப்ப என் மேல தப்பில்லையே" என்றேன், லேசாகச் சிரித்தபடி.

"எல்லாத்தையும் காது மேல போட்டுராதீங்க" என்று அவள் பலாக்கொட்டையிடம் திரும்பிப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் இசைக்கவை என்ற சின்ன இரும்புக் கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து விதவிதமான ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். இடது காதில் அநேகமாக ஒன்றுமில்லை என்றார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டார். வந்தது. அப்படியானால் அப்போதே போயிருக்கலாம், அல்லது பிறகு ஏதாவதொரு காய்ச்சலில் போயிருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார். "இருக்கிற காதைப் பாத்துக்கங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சைக்கிளை மிதிக்க மனமில்லாமல் தள்ளிக்கொண்டு நடந்தேன். அப்போதே போயிருந்தால், அந்தச் சைக்கிள் ஷெட்டில் வாசித்ததையும் நான் ஒற்றைக் காதால்தான் கேட்டிருக்கிறேன். ஆம்ப்ளிபயரை எப்போதும் என் வலப்பக்கம் வைக்கச் சொல்லி டிரம்ஸ்காரனோடு சண்டை போட்டது ஞாபகம் வந்தது. அதை அன்று கர்வம் என்றான் அவன். சாலையோரப் புங்கமரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வருமோ என்று பார்த்தேன். கொட்டாவிதான் வந்தது.

சில மாதங்களில் மருத்துவர் சீட்டைப் பார்த்து என்னைப் பகல்நேர ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம், அலுவலகத்தில் வரைபடங்களைப் பார்த்தால் போதும். நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். உடம்பு மட்டும் நம்பவில்லை. விடியுமுன் விழித்துக்கொண்டு, போக ஷிப்ட் இல்லாமல், கூரையைப் பார்த்துக் கிடப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஹெட்போன் வயரை வெட்டினேன். மின்சாரக்காரனுக்கு அது பெரிய வேலையில்லை. இரண்டு பக்கத்து ஒலியையும் தனித்தனி ரெசிஸ்டர் வழியாக ஒன்றுசேர்த்து, வலது காதுக்கு மட்டும் போகும்படி பற்றவைத்தேன். மனைவி காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்ல சாமானைக் கெடுக்கீங்க" என்றாள்.

மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். குரல், ஆர்கன், கிட்டார் எல்லாம் ஒரே சந்தில் முட்டிமோதிக்கொண்டு வந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கசங்கி, அழுக்காக. பழைய ரேடியோவில் கேட்டது மாதிரியே. ஆர்கன் தனியாகக் காத்திருந்த அந்த இடத்தில் கிட்டார் உள்ளே நுழைந்தது. நான் கற்பனை செய்துகொள்ளவில்லை. அது இருந்தது. அத்தனை பெரிதாகவே இருந்தது.

சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. தொலைந்த சாமான் ஒன்று கிடைத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. கேசட் ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டேன். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. மனைவி வந்து என் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். என்ன பாட்டு என்று கேட்டாள். ஹெட்போனைக் காதிலிருந்து சற்றே விலக்கி, அவளுக்குப் பதில் சொன்னேன்.