ஐந்தாம் பலகையில் இருந்த கை

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. பயந்ததைச் சொல்வது சுலபம். அதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

2011 பிப்ரவரி. சான்-நசேர் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தில், போர்க்காலத்து நீர்மூழ்கிகளுக்காகக் கட்டிய ஜன்னல் இல்லாத கான்கிரீட் கூடம். 'வால்மோரி' என்ற பயணிகள் கப்பலை உடைத்தபோது அதன் புகைபிடிக்கும் அறையிலிருந்து காப்பாற்றிய எட்டு அரக்குப் பலகைகள் அங்கே தாங்கிகளில் நின்றன. கறுப்பு அரக்கின் மேல் தங்க அலைகள், தங்க மீன்கள். எல்லாவற்றின் மேலும் பல வருடச் சுருட்டுப் புகை. அதை எடுப்பதுதான் என் வேலை.

பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து ஈரமாக்கித்தான் துடைப்போம். எச்சிலைப் போல மென்மையாக அழுக்கெடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

"ஏம்மா நொல்வென், காலைலேர்ந்து கப்பல் மேல எத்தனை தடவ துப்பினே?" என்பார் தொபி. கப்பல் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்தாறு வயது. சம்பளம் இல்லாமல் தினமும் வந்து காவல் இருப்பார்.

"உங்க காபிய விட இது ருசியா இருக்கு, மெஸ்யே தொபி."

"இருக்கும், இருக்கும். பணக்காரங்க விட்ட புகை ஆச்சே!"

பழைய அழுக்கு எப்படி இருந்தது என்று காட்ட, ஒரு சிறு சதுரத்தை மட்டும் துடைக்காமல் விடுவது எங்கள் வழக்கம். ஐந்தாம் பலகைதான் அந்தப் புகைபிடிக்கும் அறையின் கதவு. அதன் உள்பக்கம், தரையோரமாக ஒரு கரிக் கை பதிந்திருந்தது. மோதிர விரல் பாதிதான். "சதுரத்தை இங்கயே விடும்மா. இதைத் தொடாதே," என்றார் தொபி. ஏன் என்று சொல்லவில்லை. எங்கள் தலைவி கெர்வெல்லா மேடமும் சம்மதித்துக் கோப்பில் எழுதிவைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காதில் ஒரு ரஷ்ய நாவலை ஓடவிட்டு வேலை செய்தேன். பனியில் வண்டி போய்க்கொண்டிருந்தது. நானும் கூடவே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டில் கன்னங்கரேலென்று பதினொரு பஞ்சுக் குச்சிகள். பலகை பளபளத்தது.

கை இல்லை.

திங்களன்று மேடம் கேட்டார். "யார் தொடைச்சது?"

"தெரியல மேடம்... தொபி ஈரத்துணியோட அங்க நின்னாரு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம்! அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொபி சண்டை போடவில்லை. சாவியை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். "சரிம்மா," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள், செவ்வாய். மதியம் 3.40. துடைத்தது சீராக இருக்கிறதா என்று புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். அதற்குக் கூடம் முழுக்க இருட்டாக்க வேண்டும். கதவைச் சாத்தினேன். விளக்குகளை அணைத்தேன். நான் மட்டும்தான் உள்ளே.

துடைத்த பரப்பு கறுப்பாகத் தெரிந்தது. எதிர்பார்த்ததுதான்.

ஐந்தாம் பலகையின் அடியில் ஒரு கை வெளிறி ஒளிர்ந்தது.

என் எச்சில்தான் காய்ந்து மின்னுகிறது என்று சொல்லிக்கொண்டேன். 3.43. கூடத்து விளக்கைப் போட்டேன். சுத்தமான அரக்கு. அணைத்தேன்.

இரண்டு கைகள்.

இரண்டாவது, முழங்கால் உயரத்தில். அதிலும் மோதிர விரல் பாதிதான்.

டக்... டக்... டக்...

மரத்துக்குள்ளிருந்து வந்தது சத்தம். ஓடிப்போய்ப் பலகையின் பின்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. வெறும் தாங்கி.

திரும்பி முன்னால் வந்தேன். மூன்றாவது கை.

என் மார்பு உயரத்தில்.

3.47. புற ஊதா விளக்கு தானாக அணைந்தது.

எரிந்த வார்னிஷ் வாடை...

யாரோ இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம்.

பிறகு என் வாயின் மேல் ஒரு உள்ளங்கை.

காய்ந்தது. சொரசொரப்பானது. சூடு.

விரல்கள் கன்னத்தில் பதிந்தன. ஒன்று... இரண்டு...

மூன்றாவது பாதியில் நின்றது.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. கழிப்பறைக் கண்ணாடியில் என் உதடுகள் கரியாக இருந்தன. சோப்புக்குப் போகவில்லை. எச்சிலில் நனைத்த பஞ்சுக்குத்தான் போனது.

எண்ணினேன். பதினொரு குச்சிகள். அடுத்த மூன்று நாளும் அதே 3.47-க்கு உதடுகள் மறுபடி கறுத்தன.

சனிக்கிழமை தொபியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

"உனக்கும் வந்துடுச்சா?"

நான் அழுதேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கிண்ணத்தில் சிட்ர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றி என் முன் வைத்தார். அப்புறம்தான் சொன்னார்.

"கப்பல் கட்டி முடிக்கிற நேரம். தங்கத் தகடு காணாம போகுதுன்னு அந்த ரூமைப் பூட்டியே வப்பாங்க. சாவி எங்க அப்பாகிட்ட. கொராந்தன்னு ஒரு தச்சர், பாதி விரலை ரம்பம் தின்னுடுச்சு. அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டு அப்பா குடிக்கப் போயிட்டாரு. தீப்பிடிச்சுது. புகைதான் அதிகம். மரம் தப்பிச்சுது, அவர் தப்பிக்கல. கதவைத் தட்டித் தட்டி அடியில சரிஞ்சிருக்காரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"கொராந்தனே உள்பக்கமா தாழ் போட்டுக்கிட்டு தூங்கினான்னு சொன்னாரு. செத்தவன் பேரைக் கெடுத்தாரு. பட்டறை ஆளுங்க அந்தக் கையைத் தொடைக்கவே விடல. முன்னாடி சோபாவைப் போட்டு மறைச்சு வச்சாங்க."

"தீ... எத்தனை மணிக்கு?"

"மூணே முக்காலுக்கு மேல ரெண்டு நிமிஷம்."

அவருடைய அப்பா அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தார். தினமும் அந்த நேரத்துக்கு வாயைத் துடைத்துக்கொள்வாராம். உண்மையை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சாகும்போது மகனிடம் மட்டும் சொன்னார். உடலைக் குளிப்பாட்டி, முகத்தை மூன்று முறை கழுவி, சவப்பெட்டியில் வைத்தார்கள். ஆணி அடிப்பதற்கு முன் தொபி கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

வாயின் குறுக்கே கரிக் கை. மோதிர விரல் பாதிதான்.

நான் அங்கிருந்தே மேடத்துக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போயிற்று. தொபிக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு என் உதடுகள் கறுக்கவில்லை.

"நல்ல பொண்ணும்மா நீ," என்று அவர் என் தோளைத் தட்டினார். நான் தலை நிமிரவில்லை. அவர் சாவியை வைத்துவிட்டுப் போன நாளில் எனக்கு மனசு உறுத்தவே இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் என் விரல் ஃபோனைத் தேடியது.